போட்டுக்கொடுத்தவன்

2021 மே மாதம் எங்கள் தெருமுனையில் இருந்த சின்ன ஜவுளிக்கடையில் ஊரடங்கை மீறி வியாபாரம் நடக்கிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டுச் சொன்னது நான்தான். எதிரில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி இல்லை. இத்தனை வருடமும் அவர்தான் சொல்லியிருப்பார் என்று தெரு நினைத்துக்கொண்டிருக்கிறது. நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

தொற்று பரவக்கூடாது என்ற பொறுப்பில்தான் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். பொய். கொரோனாவுக்கும் அந்தப் போனுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. சம்பந்தமெல்லாம் இரண்டு கைலியோடுதான்.

அந்த நாட்களில் ஊருக்கே இருந்த எரிச்சல் எனக்கும் இருந்தது. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தபோது வீட்டில் அரிசி, பருப்பைப் பற்றித்தான் கவலைப்பட்டோம். அவை தட்டில்லாமல் கிடைத்தன. கொஞ்ச நாளில் குக்கர் வாஷர் தளர்ந்துபோய் விசில் வராமல் நின்றது. பாத்திரக்கடை பூட்டிக் கிடந்தது. அடுத்து மிக்ஸி ஜாரின் அடியில் இருக்கிற கப்ளர் தேய்ந்து, மோட்டார் மட்டும் கத்த, தேங்காய் அப்படியே கிடந்தது. மாடிப்படிக்கு அடியில் கிடந்த அம்மியை என் மனைவி கழுவி எடுத்தாள். பக்கத்து வீட்டுப் பையன் மூக்குக்கண்ணாடி ஒரு காலை இழந்து, நூல் கட்டிக் காதில் மாட்டிக்கொண்டு ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தான். இதில் எதையும் ஆடம்பரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அத்தியாவசியப் பட்டியலிலும் எதுவும் இல்லை.

பட்டியலோ நாளுக்கொரு விதமாக மாறியது. ஏப்ரல் 20 முதல் இணைய வணிக நிறுவனங்கள் செல்போன், டிவி எல்லாம் விற்கலாம் என்று செய்தி வந்தது; 19ஆம் தேதியே மத்திய உள்துறை, அத்தியாவசியப் பொருள் மட்டும்தான் என்று மாற்றிவிட்டது. ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும், முந்தின நாள் கடைகளில் முண்டியடித்த கூட்டத்தை எல்லோரும் பார்த்தோம். கூட்டம் கூடாமல் இருக்கப் போட்ட உத்தரவே கூட்டத்தைக் கூட்டியது. மே 7 அன்று சென்னைக்கு வெளியே டாஸ்மாக் திறந்தது. அன்று டீக்கடைக்கு அனுமதி இல்லை. மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது, அதற்கு மறுநாள் திரும்பவும் திறந்தது. நடுவில் மே 11 முதல் 34 வகைக் கடைகள் திறக்கலாம் என்று ஒரு பட்டியல். டைல்ஸ், பெயின்ட், ஜெராக்ஸ், மிக்ஸி ரிப்பேர் எல்லாம் அதில் உண்டு. சலூன் இல்லை. தலைமுடி காதை மூடியிருந்த ஆண்கள் எல்லாம், பெயின்ட் அடித்துக்கொள்ளலாமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டார்கள்.

முதல் ஊரடங்கில் இந்தக் கோபமெல்லாம் மேலே பார்த்துத்தான் இருந்தது. முதலமைச்சரைத் திட்டினோம், பிரதமரைத் திட்டினோம், தடி வைத்திருந்த போலீஸ்காரரைத் திட்டினோம். திட்டித் திட்டி ஒன்றும் நடக்கவில்லை என்ற பிறகு, கோபம் பக்கவாட்டில் திரும்பியது. அவன் மாஸ்க்கை மூக்குக்குக் கீழே போட்டிருக்கிறான், இவள் தினமும் காய்கறி என்று பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள், அந்த வீட்டில் யாரோ வெளியூர்க்காரர் வந்திருக்கிறார். தெருவில் ஆளுக்கு ஆள் கண்காணிப்பாளராகிவிட்டோம். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி. மாதச் சம்பளம் தவறாமல் வந்துகொண்டிருந்தது, வீட்டிலிருந்து வேலை, பால்கனியில் நாற்காலி. வேடிக்கை பார்ப்பதற்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

2021இல் நிலைமை வேறு. வேடிக்கை பார்க்கிற நிலைமையில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் ராத்திரியெல்லாம் கேட்டது. ஆக்சிஜன் படுக்கை கேட்டுத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் செய்தி அனுப்பினார்கள். மே 10 முதல் முழு ஊரடங்கு. மளிகை, காய்கறிக் கடைகளுக்கு மட்டும் பகல் பன்னிரண்டு வரை நேரம் கொடுத்திருந்தார்கள். 15ஆம் தேதி முதல் அதுவும் காலை பத்து மணியோடு சரி. 17 முதல் வெளியே பயணம் போக இ-பதிவு. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. கடைகளை மூடச் சொன்னது தப்பு என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் மூடிய ஷட்டருக்குப் பின்னால் இருந்தவர்களின் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிற மனசு எனக்கு அன்று இல்லை. சின்ன ஜவுளிக்கடைக்கு வருடத்தில் சம்பாத்தியக் காலம் தீபாவளி, பொங்கல், அப்புறம் சித்திரை வைகாசி முகூர்த்தம். அந்த வருடம் மே 14 ரம்ஜான். ஈரோட்டிலும் திருப்பூரிலும் கடனுக்குச் சரக்கு எடுத்து அடுக்கி வைத்திருப்பார்கள். விற்றுத்தான் கடனை அடைக்க வேண்டும். முந்தின வருட சித்திரையும் வைகாசியும் ஏற்கெனவே போய்விட்டன. எங்கள் தெருமுனைக் கடைக்காரத் தம்பி இரண்டாவது முறையும் அதே அடியை வாங்கிக்கொண்டிருந்தார். வேலை செய்த இரண்டு பெண்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கு அப்போது பிரச்சினை கைலி. ஒரு வருடமாக மேலே சட்டையும் கீழே கைலியுமாக அலுவலகக் கூட்டங்களில் உட்கார்ந்ததில், இருந்த கைலியெல்லாம் உட்காரும் இடத்தில் நைந்து கிழிந்துவிட்டது. கடைக்காரர் வீடு கடைக்கு மேலேயே. காலையில் பால் வாங்கப் போனபோது அவர் வாசலில் நின்றிருந்தார்.

"தம்பி, ரெண்டு கைலி வேணும்ப்பா. ஷட்டரக் கொஞ்சம் தூக்கி எடுத்துக் குடேன். யாரு பாக்கப்போறா?"

"வேணாம் சார். தொறந்தா சீல் வச்சுர்றாங்க. ரவுண்டு வந்துக்கிட்டே இருக்காங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க சார்."

கவனியுங்கள், விதியை மீறச் சொன்னது நான். மாட்டேன் என்று சொன்னது அவர். எனக்குச் சுருக்கென்றது. எத்தனை தீபாவளி அவரிடம் எடுத்திருக்கிறேன்! எனக்கே இல்லையா என்று வீட்டில் வந்து முணுமுணுத்தேன். மனைவி, "அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல" என்றாள். அதுவும் பிடிக்கவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, சாயங்காலம் பால்கனியில் இருந்து பார்க்கிறேன். ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருந்தது. ஒரு பெண் நின்றிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு கை மஞ்சள் பையை நீட்டியது. அவள் வாங்கிக்கொண்டு, பணத்தைக் குனிந்து கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். ஷட்டர் இறங்கியது. இவ்வளவுதான் நடந்தது.

போனை எடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் தெரு, கடை, நேரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். "உங்க பேரு?" என்றார். "பொதுமக்கள்ல ஒருத்தர்னு போட்டுக்குங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். பொதுமக்கள் என்ற பெயரில் ஒளிந்துகொள்வது எவ்வளவு வசதி என்று அன்றுதான் தெரிந்தது. மனசுக்குள் ஒரு திருப்தி கூட இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் ஜீப் வந்தது. நகராட்சி ஆட்கள் மூன்று பேர், கூட ஒரு போலீஸ்காரர். தம்பி கீழே இறங்கி வந்து கைகூப்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் திரை இடுக்கில் பார்த்தேன். ஷட்டரின் இரண்டு ஓரத்திலும் துணிப்பட்டை வைத்து அரக்கு ஒட்டினார்கள். நோட்டீஸ் ஒட்டினார்கள். அபராதம் ஐயாயிரம்.

போலீஸ்காரரின் தொப்பியைப் பார்த்தபோதுதான் எனக்குச் சாத்தான்குளம் ஞாபகம் வந்தது. 2020 ஜூன் 19 அன்று, அனுமதித்த நேரம் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன அப்பாவும் மகனும் நான்கு நாளுக்குள் செத்துப்போனார்கள். அந்த வாரம் நான் முகநூலில் நீளமாக எழுதினேன். வாட்ஸ்அப் படத்தைக் கறுப்பாக மாற்றினேன். ஒரு கடை திறந்திருந்ததற்கா இரண்டு உயிர் என்று கேட்டேன். அதற்கு ஒரு வருடம் கூட முடியவில்லை. நானே போன் போட்டு ஒரு கடைக்காரர் வாசலுக்குப் போலீசை வரவழைத்திருக்கிறேன். வந்த போலீஸ்காரர் ஒரு வார்த்தை அதட்டிப் பேசவில்லை. அது தம்பியின் நல்ல காலம், என்னுடைய நல்ல காலமும் கூட. அதில் என் பங்கு எதுவும் இல்லை. போன் போட்ட நேரத்தில் அவருக்கு என்ன நடக்கும் என்று நான் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை.

அபராதத்தோடு போயிருந்தால் கூட நான் இன்று இவ்வளவு எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. 24ஆம் தேதி முதல் தளர்வே இல்லாத ஊரடங்கு, மளிகைக்கடை கூடக் கிடையாது, காய்கறி வண்டியில்தான் வரும் என்று அரசு அறிவித்தது. மக்கள் வேண்டியதை வாங்கிக்கொள்ளட்டும் என்று 22ஆம் தேதியும் 23ஆம் தேதியும் இரவு ஒன்பது வரை எல்லாக் கடைகளும் திறக்கலாம் என்றது. ஊரே தெருவில் இறங்கியது. பூட்டிக் கிடந்த துணிக்கடைகள், செருப்புக்கடைகள், பாத்திரக்கடைகள் எல்லாம் திறந்தன. முகூர்த்தத்துக்கு நாள் குறித்தவர்கள் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருமுனையில் மட்டும் சீல் வைத்த ஷட்டர். தம்பி அந்த இரண்டு நாளும் அதன் முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "கடை இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சீலை எடுக்க அதற்குப் பிறகும் அவர் பலமுறை அலைந்தார்.

என் கைலி ஆன்லைனில் வந்தது. சின்னக் கடைகள் பூட்டிக் கிடந்த அந்த மே மாதத்திலும் பார்சல்கள் பிற்பகலில் வந்துகொண்டுதான் இருந்தன. மாஸ்க் போட்ட பையன் வாசலில் வைத்துவிட்டு, பெல் அடித்துவிட்டு, தள்ளி நின்றான். பிரித்துப் பார்த்தால் ஈரோட்டுச் சரக்கு.

இதில் ஒரு நியாயக் கேடு இருக்கிறது என்று அன்று வணிகர்கள் சொன்னது சரிதான். நேர்மாறாகச் செய்து பார்த்த ஊரும் உண்டு. 2020 அக்டோபரில் வேல்ஸில் 17 நாள் ஊரடங்கு போட்டபோது, சின்னத் துணிக்கடைகள் மூடியிருக்கும்போது சூப்பர் மார்க்கெட்டுகளும் துணி விற்கக்கூடாது என்றார்கள். அலமாரிகளுக்குக் குறுக்கே பிளாஸ்டிக் ஷீட் கட்டி மறைத்தார்கள். மக்கள் கொதித்துப்போய், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். சமமாக மூடினாலும் கோபம், சமமில்லாமல் மூடினாலும் கோபம். எந்த விதி போட்டாலும் யாருக்காவது உறுத்தத்தான் செய்யும். என் விஷயத்தில் உறுத்தியது விதி கூட இல்லை. கைலி இல்லாமல் என்னால் இருக்க முடிந்தது. எனக்குக் கிடைக்காதது இன்னொருத்திக்குக் கிடைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. எனக்காக அவர் ஷட்டரைத் தூக்கியிருந்தால், அந்தப் பெண்ணைப் பார்த்தபோது, பாவம், என்ன அவசரமோ என்று நினைத்துக்கொண்டு உள்ளே போயிருப்பேன்.

அந்த மஞ்சள் பையில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மே மாதத்தில் ஒரு துணிக்கடை ஷட்டரைத் தட்டி யார் என்ன கேட்டிருப்பார்கள் என்று பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த அம்மாவுக்கு நைட்டி கேட்டிருக்கலாம். பிறந்த குழந்தைக்குத் துண்டு, வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பாவாடை கேட்டிருக்கலாம். அத்தனை சாவு விழுந்த மாதத்தில் கோடித்துணி கேட்டு எத்தனை பேர் அலைந்திருப்பார்கள்! ஒன்றுமில்லாமல், ஆசைக்கு ஒரு சேலை எடுத்திருந்தாலும் என் குற்றம் குறையாது. பையில் இருந்ததை வைத்துத்தான் நான் செய்தது சரியா தப்பா என்று தீரும் என்றால், நான் அதைக் கேட்டுவிட்டுத்தானே போன் போட்டிருக்க வேண்டும்?

இதுவரை சொன்னதை விடக் கேவலமானது ஒன்று மிச்சம் இருக்கிறது. சீல் வைத்த மறுநாள் பால் பூத்தில் தெருக்காரர் ஒருவர், "யாரு சார் போட்டுக்கொடுத்திருப்பா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். நான், "யாருக்குத் தெரியும்... எதிர்ல இருக்கிறவங்களுக்குத்தானே உள்ள நடக்கிறது தெரியும்" என்றேன். அண்ணாச்சி பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவருக்கும் தம்பிக்கும் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வண்டி நிறுத்துவதில் ஒரு வாய்த்தகராறு நடந்திருந்தது. நான் கிள்ளிப்போட்ட சொல் அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் படர்ந்துவிட்டது. "காலைல பத்து மணி வரைக்கும் அவரு கல்லா நிறையுது, அடுத்தவன் பொழப்பு பொறுக்கல" என்றார்கள். தினம் ஒன்றாக டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். சிலர் அண்ணாச்சி கடைக்குப் போவதையே விட்டு, அடுத்த தெருவுக்குப் போனார்கள். நான் மட்டும் விடாமல் அவரிடமே வாங்கினேன். அதைக் கூட ஒரு பரிகாரம் மாதிரி நினைத்துக்கொண்டேன்.

தம்பி 2022இல் கடையைக் காலி செய்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு மேற்பார்வை வேலைக்குப் போய்விட்டார். என்னால்தான் கடை போயிற்று என்று சொன்னால் அதுவும் ஒருவகைப் பெருமையாகிவிடும். இரண்டு வருட முகூர்த்தம் போனது, கடன் ஏறியது, பெரிய கடைகள் வந்தன. ஆனால் தள்ளாடிக்கொண்டிருந்தவரை நானும் ஒரு தள்ளுத் தள்ளினேன்.

போன மாதம் அண்ணாச்சியிடம் சொன்னேன். கடையில் யாரும் இல்லாத மதிய நேரம். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். கோபத்தில் அவருக்குக் குரல் உயரவில்லை, இறங்கியது. "நாலு வருஷத்துக்கு மேலா என் பொண்டாட்டி இந்தத் தெருவுல தல குனிஞ்சு நடக்கா. எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார். சாமானுக்கு மீதிச் சில்லறையைக் கையில் தராமல் தட்டில் வைத்தார்.

அன்று ராத்திரியே தம்பிக்குப் போன் செய்தேன். மீறச் சொன்னதும், பொறாமைப்பட்டதும், பால் பூத்தில் பேசியதும் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கைலிக்கா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அபராதம் கட்டின பணத்தை நான் தந்துவிடுகிறேன் என்றேன்.

"இதே நம்பர்ல ஜிபே இருக்கு சார். அனுப்பிருங்க."

அனுப்பினேன். "வந்துருச்சு" என்று செய்தி வந்தது. அடுத்து இன்னொன்று: "அண்ணாச்சிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க நடுவுல வர வேணாம்."

பணம் வேண்டாம் சார், நீங்கள் சொன்னதே போதும் என்று அவர் சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன். அதோடு கணக்குத் தீர்ந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அவர் வாங்கிக்கொண்டதில் எனக்கு ஏமாற்றம். மன்னிப்பைக் கூட மலிவாக முடித்துவிடப் பார்த்திருக்கிறேன் என்று அந்த ஏமாற்றம்தான் காட்டிக்கொடுத்தது. ஐயாயிரம் அபராதத்துக்கு மட்டும்தான் சரி. மே 22, 23 வியாபாரத்தை அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

தெருவுக்கு இன்னும் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதற்குத்தான் இதை எழுதுகிறேன். பால் பூத்தில் அன்று என்னிடம் கேட்டவர் இந்தப் பத்திரிகையை விடாமல் வாங்குகிறவர். படித்துவிட்டு நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க மாட்டார்.